ஏறத் தெரிந்தவர்களுக்கு இறங்கவும் தெரிய வேண்டும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூடுகையில் வழக்கமாக வார்டுகளைப் பற்றியும், புதிதாய் வாங்கிய கருவிகளைப் பற்றியும் பேசுவோம். இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் காரியம் உங்களுக்கு வியப்பாய் இருக்கலாம். உயரமான மலைகளுக்குப் போகிறவர்களைப் பிடிக்கும் வியாதியைப் பற்றிப் பேசப் போகிறோம். சமவெளியில் இருக்கும் மருத்துவமனைக்கு மலை வியாதியோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நம்முடைய சபைகளிலேயே இருக்கிறது. வாலிபர் குழுக்கள் லடாக் போகின்றன. ஓய்வுபெற்ற தம்பதிகள் நேபாளம் போகிறார்கள். படையில் இருக்கும் பிள்ளைகள் எல்லையில் பனிமலைமேல் காவல் நிற்கிறார்கள். புறப்படுமுன் பலர் எங்களிடம் வந்து ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். நாங்களும் மனதார ஜெபித்து அனுப்புகிறோம். ஆனால் ஜெபத்தோடு சில காரியங்களைத் தெரிந்துகொண்டு போனால், வீணாய்ப் போகும் உயிர்களைக் காப்பாற்றலாம். இந்த வியாதியால் சம்பவிக்கும் மரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. ஆகவே இதைப் பேசாமல் இருப்பது சரியல்ல என்று எங்களுக்குப் பட்டது.

மலையில் என்ன நடக்கிறது?

மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் பிராணவாயு 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். சந்தைக்கு வரும் கூடையில் அரிசியும் பருப்பும் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடை பாதியாய் வந்தாலும் விகிதம் மாறாது. ஆனால் வீட்டுக்கு வரும் பருப்பு பாதிதான். அப்படியே 5,500 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. லே நகரம் இருக்கும் 3,500 மீட்டரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்த நமக்கு இது பழக்கமில்லாத காரியம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மலை வியாதி பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டத் தொடங்கும். ஆகவே நம் மலைகளில் மூச்சு வாங்காமல் நடந்தவர்கள், இமயமலையிலும் அப்படியே நடந்துவிடலாம் என்று எண்ணிப் போகிறார்கள்.

சரீரம் இந்தக் குறைவைச் சமாளிக்க வழி தெரிந்ததாகவே படைக்கப்பட்டிருக்கிறது. முதலில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகிறோம். அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாய் வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அது மூச்சின் வேகத்துக்குத் தடை போடுகிறது. பிறகு சிறுநீரகங்கள் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியேற்ற, அந்தத் தடை நீங்குகிறது. இதற்குச் சில நாட்கள் செல்லும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். சரீரம் கேட்பது அவகாசம் ஒன்றுதான். அந்த அவகாசத்தை நாம் கொடுக்க மறுக்கும்போதுதான் வியாதி வருகிறது.

1590ஆம் ஆண்டிலேயே ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார். யோசே தே அகோஸ்தா என்னும் இயேசு சபைத் துறவி தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் ஊழியம் செய்தவர். ஆண்டிஸ் மலையில் பரியகாகா என்ற கணவாயைக் கடக்கும்போது அவருக்கும் உடன் வந்தவர்களுக்கும் கடுமையான வாந்தியும் வேதனையும் கண்டது. இறங்கியபின் தேறினார்கள். அங்குள்ள காற்று மனிதர் சுவாசிப்பதற்குத் தகாத அளவு மெல்லியதாயிருப்பதே காரணம் என்று அவர் அனுமானித்து எழுதினார். பிராணவாயு என்ற ஒன்றையே உலகம் அறியாத காலம் அது. 1878இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் சோதனைகள் மூலம் இதை விளக்கிக் காட்டினார். துறவி சொன்னது ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

மூன்று முகங்கள்

இந்த வியாதிக்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது சாதாரண மலை நோய். உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் அன்று இரவிலேயே, தலைவலி வரும். அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஒன்றோ இரண்டோ சேரும். முன்தினம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றும், வெயில் தாக்கிவிட்டது என்றும், குளிர் பிடித்துவிட்டது என்றும் மக்கள் சொல்லுவார்கள். உயரமான இடத்தில் இந்த அறிகுறிகள் வந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும்வரை அது மலை நோய் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். இந்த நிலையிலேயே நின்றுவிட்டால் ஆபத்தில்லை. ஓரிரு நாளில் தானாகவே தீரும்.

இரண்டாவது மூளை வீக்கம். சாதாரண மலை நோயைக் கவனியாமல் மேலே ஏறிக்கொண்டே போனால் இந்த நிலைக்குப் போகலாம். ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் நடந்துகொள்வார், தூங்கி வழிவார். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் ஒரு நேர்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டவைத்து நடக்கச் சொல்லுங்கள். குடித்தவரைப்போலத் தள்ளாடினால் நிலைமை மோசம். அவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவார். வியாதிப்பட்டிருப்பது மூளையாகையால் அவருடைய தீர்ப்பை நம்பக்கூடாது.

மூன்றாவது நுரையீரலில் நீர் கோத்தல். இந்த வியாதிகளில் அதிகமானோரைக் கொல்லுவது இதுவே. பிராணவாயு குறைந்ததும் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அங்கே அழுத்தம் கூடி, நீர் கசிந்து மூச்சறைகளில் நிரம்புகிறது. பெரும்பாலும் இரண்டாம் இரவுக்குப் பின் தொடங்கும். கூட நடப்பவர்களைவிடப் பின்தங்குவது, வறட்டு இருமல், பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, முற்றினால் இளஞ்சிவப்பு நுரையான சளி. தலைவலி இல்லாமலும் இது வரலாம். நிமோனியா என்று தவறாய் எண்ணிப் படுக்கவைத்து, மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் கைவிட்டுப் போய்விடுவார்.

பலசாலிக்கு வராதா?

வாலிபர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அவர்கள் ஓடுகிறவர்கள், பந்து விளையாடுகிறவர்கள். தங்களுக்கு வராது என்று நினைக்கிறார்கள். 1962ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பின் நம் தேசத்து ராணுவ மருத்துவர்கள் இந்த வியாதியை மிகுந்த உழைப்போடு ஆராய்ந்தார்கள். டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வு 1,925 போர்வீரர்களைப் பற்றியது. அவர்கள் யாவரும் திடகாத்திரமானவர்கள். இன்றைக்கும் உலகமெங்கும் மருத்துவர்கள் அந்த ஆய்வை எடுத்துக் காட்டுகிறார்கள்.

1975இல் நேபாளத்தில் எவரெஸ்ட் போகும் வழியில், 4,243 மீட்டர் உயரத்திலுள்ள பெரிச்சே என்ற ஊரில், டாக்டர் பீட்டர் ஹாக்கெட்டும் மற்றவர்களும் 278 மலைப்பயணிகளைச் சோதித்தார்கள். 53 சதவீதம் பேருக்கு மலை நோய் இருந்தது. விமானத்தில் 2,800 மீட்டருக்குப் போய் இறங்கியவர்களுக்கும், வேகமாய் ஏறியவர்களுக்கும், வழியில் குறைவான இரவுகள் தங்கியவர்களுக்கும் அதிகமாய் வந்தது. வாலிபர்களுக்கும் அதிகமாய்த்தான் வந்தது. பலம் காப்பாற்றவில்லை, நிதானம்தான் காப்பாற்றியது.

நேபாளத்தில் கோசாயிகுண்டம் என்னும் ஏரி 4,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான இந்து யாத்திரிகர் கீழேயிருந்து ஓரிரு நாளிலேயே ஏறிவிடுவார்கள். டாக்டர் புத்த பஸ்னியாத் அங்கே 228 யாத்திரிகரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் எழுதினார். 68 சதவீதம் பேருக்கு மலை நோய். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளை வீக்கத்தின் அறிகுறிகள். அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். ஏரியைக் காணாமல் திரும்பினால் யாத்திரை வீணாகும் என்ற எண்ணம் அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்த எண்ணம் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. செலவழித்த பணம், எடுத்த விடுப்பு, ஊரில் சொல்லிவிட்டு வந்த பெருமை, இவையெல்லாம் நம்மையும் அப்படித்தான் இழுக்கும்.

பாட்டன் மருத்துவமனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954இல் தொடங்கிய நேபாள ஐக்கிய மிஷன் 1956இல் காத்மாண்டுவில் சாந்த பவன் மருத்துவமனையைத் திறந்தது. 1982இல் அந்தப் பணி பாட்டன் மருத்துவமனைக்கு மாறியது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஜான் டிக்கின்சன், இமயமலையில் இறந்த ஏழு பயணிகளின் மரணத்தை ஆராய்ந்து 1983இல் தோழர்களுடன் சேர்ந்து எழுதினார். இறந்துபோனவர்களின் உடல்கள் சொன்ன சாட்சியைக் கேட்டு, உயிரோடிருப்பவர்களை எச்சரித்த ஊழியம் அது. மிஷன் மருத்துவமனைகள் செய்த நல்ல வேலைகளில் இப்படிச் சத்தமில்லாமல் நடந்தவையும் உண்டு என்பதை ஆதரவாளர்களாகிய நீங்கள் அறிய வேண்டும்.

வராமல் தடுக்க

சட்டம் எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு இரவும் படுக்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, உயராமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் உயர ஏறிப் பார்த்துவிட்டு வரலாம். படுப்பது தாழ்வான இடத்தில் இருக்கட்டும். தூக்கத்தில் மூச்சு குறைவதால் இரவில்தான் சரீரம் அதிகம் பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது.

1885இல் மொராவிய மிஷனெரிமார் லே நகரில் ஊழியம் தொடங்கினார்கள். அக்காலத்தில் அங்கே போவதென்றால், உயர்ந்த கணவாய்களைக் கால்நடையாகவும் குதிரை மீதும் நாட்கணக்கில் கடக்க வேண்டும். பிரயாணத்தின் கஷ்டமே அவர்களுக்கு அவகாசத்தைக் கொடுத்தது. இன்று டெல்லியில் காலையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,500 மீட்டரில் இறங்கிவிடுகிறோம். ஆகவே லே போகிறவர்கள் முதல் இரண்டு முழு நாட்களும் அறையிலும் அருகிலும் இளைப்பாற வேண்டும். வந்த மறுநாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய்க்கு வண்டியில் போய்ப் படம் பிடிக்கும் ஆசையை ஒத்திவையுங்கள். நம் ராணுவமே தன் வீரர்களை ஆறு நாள், நான்கு நாள், மறுபடியும் நான்கு நாள் என்று மூன்று கட்டங்களாகப் பழக்கித்தான் உயரத்துக்கு அனுப்புகிறது. அவர்களுக்குத் தேவைப்படும் பொறுமை நமக்குத் தேவையில்லையா?

மருந்தும் உண்டு. அசட்டசோலமைடு என்னும் மாத்திரை, கடைகளில் டயமாக்ஸ் என்பார்கள், சிறுநீரகம் காரத்தை வெளியேற்றும் வேலையைத் துரிதப்படுத்துகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக 125 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். விரல்களில் எறும்பு ஊர்வது போலிருக்கும். சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும், முன்பு ஒருமுறை இந்த வியாதி வந்தவர்களும் பயணச்சீட்டு வாங்குமுன்னே மருத்துவரிடம் வாருங்கள். மதுபானமும் தூக்க மாத்திரையும் மூச்சைக் குறைப்பதால் அங்கே வேண்டாம்.

வந்துவிட்டால்

மூன்று வார்த்தைகளை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். அறிகுறிகளை அறிந்திரு. அறிகுறி இருக்கும்போது மேலே போய்ப் படுக்காதே. மோசமானால் உடனே கீழே இறங்கு.

லேசான தலைவலியானால் அதே இடத்தில் தங்கி, பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, ஓய்வெடுத்தால் போதும். குணமானபின் ஏறலாம். தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்போ கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வழி பாதுகாப்பாயிருந்தால் இரவானாலும் இறக்க வேண்டும். 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பலர் தேறிவிடுகிறார்கள். பிராணவாயு இருந்தால் கொடுங்கள். நுரையீரலில் நீர் கோத்தவரை முடிந்தவரை நடக்கவிடாமல் தூக்கியோ வண்டியிலோ கொண்டுபோங்கள். உழைப்பு அதை அதிகமாக்கும். மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன், நுரையீரலுக்கு நிஃபெடிபின் என்று மருந்துகள் உண்டு. ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றடிக்கும் பெரிய பை ஒன்றும் உண்டு. கண்டுபிடித்தவர் பெயரால் காமோவ் பை என்பார்கள். காலால் பம்பு அடிக்க அடிக்க, உள்ளிருப்பவர் 1,500 மீட்டருக்குக் குறையாமல் கீழே இறங்கியது போன்ற நிலை உண்டாகும். இவையெல்லாம் இறங்குவதற்குத் துணை. இறங்குவதற்குப் பதில் அல்ல.

கடைசியாக ஒன்று. இதற்காகவே இந்தப் பொருளை எடுத்தோம் என்றும் சொல்லலாம். 1997இல் நேபாளத்தில் சுமை தூக்கும் ஒரு வாலிபனுக்கு இந்த வியாதி கண்டது. அவனை அமர்த்தியவர்கள் கூலியைக் கொடுத்துக் கணக்கு முடித்து, தனியாகவே கீழே அனுப்பிவிட்டார்கள். அவன் இறந்துபோனான். அந்த மரணத்துக்குப் பின்தான் சுமை தூக்குவோரின் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசக் குழு எழும்பியது. மலைநாட்டார்தானே, அவர்களுக்கு என்ன வரும் என்று பயணிகள் நினைக்கிறார்கள். உயரத்தில் தலைமுறை தலைமுறையாய் வாழும் ஷெர்பா மக்கள் வேறு. தாழ்வான கிராமங்களிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள் வேறு. இவர்கள் நம்மைப் போலவே பாதிக்கப்படுவார்கள். ஆனால் நம்மைப் போல் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். சொன்னால் அன்றைய கூலி போகும் என்ற பயம்.

ஆகவே நீங்களோ உங்கள் பிள்ளைகளோ போனால், உங்கள் பெட்டியைச் சுமக்கிறவருக்குத் தலை வலிக்கிறதா, அவரிடம் கம்பளி இருக்கிறதா, இரவு எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். அவர் வியாதிப்பட்டால் கூலியைக் குறைக்காதிருங்கள். யார் வியாதிப்பட்டாலும், நண்பரானாலும் சுமைகாரரானாலும், தனியாகக் கீழே அனுப்பாதிருங்கள். அவருடைய பாஷை தெரிந்த, பொறுப்புள்ள ஒருவர் கூடப் போகட்டும். அதற்காக உங்கள் பயணம் பாதியில் நின்றால் நிற்கட்டும். மலை அங்கேயே இருக்கும். இன்னொரு வருஷம் போகலாம்.

வியாதியஸ்தரைத் தனியே விடாதிருப்பதற்காகவே நம் மருத்துவமனைகள் தோன்றின. நீங்கள் மாதந்தோறும் அனுப்பும் காணிக்கையும் அதற்கே செலவாகிறது. வார்டில் நாம் கைக்கொள்ளும் வழக்கத்தை மலைப்பாதையிலும் கைக்கொள்ளுவோம். இந்த உரையை உங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கோடை விடுமுறைக்கு வடக்கே புறப்படும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்கள் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்.

 தேவன் உங்கள் போக்கையும் வரவையும் பத்திரமாய்க் காத்தருளுவாராக.